பாத்திரம் அறிந்து சமைப்போம்

‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்பது பழமொழி. பெறுபவரின் தகுதி அறிந்து கொடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். சமையலறையிலும் பாத்திரம் அறிதல் வேண்டும். பளபளப்பையும் விளம்பரத்தையும் கண்டு பாத்திரம் வாங்குவோர் பலர். சமைக்கும் உணவுக்கும் எரியும் அடுப்புக்கும் ஏற்றதே நல்ல பாத்திரம்.

எரிவாயு அடுப்பின் தீ, பாத்திரத்தின் அடியில் ஒரு வட்டத்தில் மட்டுமே மிகுதியாகப் படுகிறது. எவர்சில்வர் வெப்பத்தை விரைந்து கடத்தாது. ஆகவே, மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் பாலும் பாயசமும் அடிப்பிடிக்கின்றன. அடியில் செம்போ அலுமினியமோ சேர்த்த கனமான பாத்திரம் வெப்பத்தைச் சீராகப் பரப்பும். புளிக்குழம்புக்கு அலுமினியம் ஏற்றதன்று. புளியின் அமிலம் அவ்வுலோகத்தை அரிக்கும். எவர்சில்வரும் மண்சட்டியும் கல்சட்டியும் அதற்கு உகந்தவை.

தோசைக்கு நான்ஸ்டிக் கல்லே சிறந்தது என்பர் சிலர். அதில் எண்ணெய் குறைவாகச் செலவாகும் என்பது உண்மையே. எனினும், ஏறத்தாழ 260 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். வெறுங்கல்லைப் பெருந்தீயில் வைத்தால் சில நிமிடங்களிலேயே அந்நிலை வந்துவிடும். உலோகக் கரண்டியும் பூச்சைக் கீறும். இரும்புத் தோசைக்கல்லுக்கு இவ்வச்சம் இல்லை. கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி வைத்தால் அது தலைமுறை கடந்தும் உழைக்கும்; பழகப் பழகத் தோசையும் ஒட்டாமல் எழும். ஆதலால், அன்றாடப் பயன்பாட்டுக்கு இரும்புக்கல்லே மேலானது.

சிம்லா போன்ற உயர்ந்த மலை நகரங்களில் நீர் 100 பாகையை எட்டும் முன்னரே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும். அங்கே குக்கர் பெருந்துணை. அதனுள் அழுத்தம் மிகுவதால் நீரின் வெப்பம் ஏறத்தாழ 120 பாகை வரை உயர்கிறது. அவ்வழுத்தமே ஆபத்தும் ஆகலாம். எனவே, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள குக்கரையே வாங்க வேண்டும். பருப்பையும் நீரையும் பாதியளவுக்கு மேல் நிரப்பலாகாது. ஆவி முழுதும் அடங்கும் முன் மூடியைத் திறத்தல் கூடாது.

சிறிய பாத்திரத்தில் பால் பொங்கி வழிந்தால் தீ அணையும். வாயுவோ தொடர்ந்து கசியும். உருளையிலிருந்து வரும் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோரம் தங்கும். அப்போது மின்விசைகளைத் தொடாமல், அடுப்பையும் உருளையையும் மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, பெரியவர்களை அழைத்து வெளியேற வேண்டும். எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906.

பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் நகர இல்லங்களில், மாணவர்களும் அடுப்பருகே நிற்க நேர்கிறது. ஆகவே, இவ்வறிவு மகளிர்க்கு மட்டும் உரியது எனக் கருதுதல் தவறு. மகனும் மகளும் பெரியவர் துணையோடு இதனைக் கற்றல் வேண்டும். விலையுயர்ந்த பாத்திரத்தைவிட அவர்கள் பெறும் இவ்வறிவே இல்லத்திற்குப் பெரிய பாதுகாப்பு.