திரையில் புள்ளிகள்: பழுதா, அலங்காரமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "விண்டோஸ் திரை பளிச்சென்று இருக்கிறது. போட்டோ, வீடியோ எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் கேம்ஸ் விளையாடும்போது மட்டும் திரை முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் துள்ளுகின்றன. மானிட்டர் போய்விட்டதா? கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா?"

பல நேரங்களில் இரண்டுமே போகவில்லை. அந்தப் புள்ளிகளை கேமைத் தயாரித்தவர்களே வேண்டுமென்று தூவியிருக்கிறார்கள்! இந்த எஃபெக்டுக்கு ஃபிலிம் கிரெய்ன் என்று பெயர். இது தேவையா, தேவையில்லையா என்பதில் விளையாடுபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். நான் எந்தக் கட்சி என்பதைச் சொல்வதற்கு முன், விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம்.

ஃபிலிம் கிரெய்ன் என்றால் என்ன?

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஏற்காடு சாலையில் இருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் வெளிவந்ததும் அந்த நிறுவனத்திலிருந்துதான்.

அந்தக் காலத்துப் படங்கள் ஃபிலிம் சுருளில் எடுக்கப்பட்டவை. ஃபிலிமின் மேல் பூச்சில் வெள்ளி உப்பின் நுண்ணிய துகள்கள் இருக்கும். வெளிச்சம் பட்ட துகள்கள், ஃபிலிமைக் கழுவும்போது வெள்ளித் துகள்களாக மாறிப் படத்தை உருவாக்கும். வண்ண ஃபிலிமில் கடைசியில் வெள்ளி நீக்கப்பட்டு, அந்த இடத்தில் சாயப் புள்ளிகள் நிற்கும். துகள்கள் ஒவ்வொரு பிரேமிலும் வேறு வேறு இடத்தில் இருப்பதால், படம் ஓடும்போது திரையில் மெல்லிய மணல் துள்ளுவது போலத் தெரியும். குறைந்த வெளிச்சத்தில் எடுக்க உதவும் ஃபிலிமில் துகள்கள் பெரியவை. இரவுக் காட்சிகளில் புள்ளிகள் கூடுதலாகத் தெரிவது இதனால்தான்.

கம்ப்யூட்டர் கேமில் ஃபிலிமும் இல்லை, வெள்ளியும் இல்லை. கிராபிக்ஸ் கார்டு படத்தை வரைந்து முடித்த பிறகு, அதன் மேல் தாறுமாறான புள்ளிகளைக் கணக்குப் போட்டுத் தூவுகிறது. சமையல் முடிந்தபின் மேலே கொத்தமல்லி தூவுவது மாதிரிதான்!

எந்தெந்த கேம்களில் இருக்கிறது?

2001-ல் வந்த பேய்க்கதை கேமான 'சைலன்ட் ஹில் 2' இப்படிப்பட்ட புள்ளிகளுக்குப் பெயர் போனது. 2007-ல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' விண்வெளி கேம், பழைய அறிவியல் படங்களின் தோற்றத்துக்காக இதைப் பயன்படுத்தியது. பிடிக்காதவர்கள் அணைத்துக்கொள்ள ஆப்ஷனும் கொடுத்தது. 2008-ல் வந்த 'லெஃப்ட் 4 டெட்' இன்னும் ஒரு படி மேலே போய், புள்ளிகளைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு ஸ்லைடரே வைத்தது. 2020-ல் வந்த 'சைபர்பங்க் 2077' கேமிலும் இதை ஆன், ஆஃப் செய்யலாம்.

எதற்காகத் தூவுகிறார்கள்?

முதல் காரணம், சினிமா பார்ப்பது போன்ற உணர்வு. இரண்டாவது, கம்ப்யூட்டர் வரையும் படங்கள் சில சமயம் பிளாஸ்டிக் பொம்மை போல வழவழவென்று இருக்கும். புள்ளிகள் அந்த வழவழப்பை மறைக்கின்றன. மூன்றாவதுதான் முக்கியமான தொழில்நுட்பக் காரணம். இருட்டான வானம், மூடுபனி போன்ற காட்சிகளில் நிறம் மெதுவாக மாறும்போது திரையில் பட்டை பட்டையாகக் கோடு தெரியும். இதற்கு பேண்டிங் என்று பெயர். புள்ளிகளை அளவாகத் தூவினால் இந்தப் பட்டைகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். 2016-ல் வந்த 'இன்சைட்' கேமைத் தயாரித்தவர்கள் இந்த உத்தியை நன்றாகக் கையாண்டார்கள். எனவே "ஃபிலிம் கிரெய்ன் என்றாலே வேண்டாத குப்பை" என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

சரி, எதிர்ப்பது எதற்காக?

மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்தில் புள்ளி என்பது ஃபிலிமோடு கூடவே வந்த விஷயம். அதை யாரும் கடையில் தனியாக வாங்கிச் சேர்க்கவில்லை. கேம் விளையாடுபவரோ அரை இருட்டில் ஒளிந்திருக்கும் எதிரியை ஒரு நொடியில் கண்டுபிடிக்க வேண்டும். படம் பார்ப்பவருக்கு அந்த வேலை இல்லை.

நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுபவர்களைக் கேளுங்கள். விண்ட்ஷீல்டில் தூசி படிந்தால் நிறுத்தித் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். லாரி ஓட்டும் கேமில் கண்ணாடி மேல் மழையும் தூசியும் விழுந்தால் நான் ரசிப்பேன். அது அந்த உலகத்தில் இருக்கும் தூசி. ஃபிலிம் கிரெய்ன் அப்படியல்ல. அது கேமராவின் புள்ளி. டிரைவர் சாலையைத் தன் கண்ணால்தான் பார்க்கிறார், கேமரா வழியாக அல்லவே! கதாபாத்திரத்தின் கண் வழியாகப் பார்க்கும் கேம்களில் இது பொருந்தாது என்பது என் கருத்து. 2020-ல் வந்த 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' கேமில் இருக்கும் குரோசவா மோட் வேறு கதை. பழைய ஜப்பானியப் படம் போலக் கறுப்பு வெள்ளையில் ஆட விரும்புபவர் தானே தேர்ந்தெடுக்கும் வசதி அது. அங்கே புள்ளி அழகுதான்.

இன்னும் இரண்டு சங்கடங்கள் உண்டு. வேகம் குறைந்த கம்ப்யூட்டரில் ரெசல்யூஷனைக் குறைத்து விளையாடுகிறோம் அல்லவா? அப்போது ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகி, மணல் ஜல்லியாகிவிடும். விளையாட்டை ரெக்கார்ட் செய்து யூடியூபில் ஏற்றுபவர்களுக்கும் தொல்லை. ஒவ்வொரு பிரேமிலும் புள்ளிகள் மாறுவதால் வீடியோவைச் சுருக்குவது கடினம். ஃபைல் பெரிதாகும், இல்லையென்றால் படம் கட்டம் கட்டமாக உடையும். 2018-ல் வெளியான ஏவி1 என்ற வீடியோ முறையில் இதற்காகவே ஒரு வசதி இருக்கிறது. புள்ளிகளை நீக்கிவிட்டு வீடியோவைச் சுருக்கி, பார்க்கும்போது மறுபடியும் தூவிக்கொள்ளலாம்!

பணம் போகும் இடம்

இதெல்லாம் ரசனைச் சண்டைதானே, இதற்கு ஏன் ஒரு பக்கம் என்று கேட்கிறீர்களா? ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மாமா ஒருவர், பிளஸ் டூ படிக்கும் மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது வாரமே எனக்கு போன். "மாப்ள, கார்டு போயிருச்சாட்ட இருக்குது. கடைக்காரரு புதுசு போடோணும், 18,000 ஆகும்ங்கறாரு. கேம் வெளையாடித்தான் கெட்டுப்போச்சுன்னு இவனை நல்லா வைஞ்சுட்டேன்" என்றார். போனிலேயே பையனிடம் செட்டிங்ஸைத் திறக்கச் சொன்னேன். ஃபிலிம் கிரெய்னை ஆஃப் செய்ததும் திரை துடைத்து விட்டாற்போல் ஆனது. 18,000 ரூபாய் மிச்சம். அதைவிட, செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிய பையனுக்கு நிம்மதி.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. விளையாடும்போது பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்திப் படம் எடுத்து, அதை மொபைல் போனில் பாருங்கள். அதிலும் புள்ளி இருந்தால் மானிட்டர் மேல் குற்றமில்லை.

2. கேமில் ஆப்ஷன்ஸ் அல்லது செட்டிங்ஸ் சென்று, கிராபிக்ஸ் அல்லது வீடியோ பகுதியைத் திறக்கவும். ஃபிலிம் கிரெய்ன், ஃபிலிம் நாய்ஸ் என்ற பெயரில் ஏதாவது இருந்தால் அதை ஆஃப் செய்யவும்.

3. ஆஃப் செய்த பிறகும் ஈரமான சாலை, பளபளக்கும் தரை போன்ற இடங்களில் மட்டும் புள்ளி தெரிகிறதா? அது பிரதிபலிப்பைக் குறைந்த தரத்தில் வரைவதால் வருவது. ரிஃப்ளெக்ஷன் தரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

4. வண்ணச் சதுரங்கள், நீளக் கோடுகள், கிழிந்த முக்கோணங்கள் தெரிந்தாலோ, விண்டோஸ் திரையிலேயே புள்ளிகள் வந்தாலோ, அப்போதுதான் கேபிள், டிரைவர், கார்டு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

5. சில கேம்களில் இந்த ஆப்ஷனே இருக்காது. அதற்காக முன்பின் தெரியாத தளங்களிலிருந்து பேட்ச் டவுன்லோட் செய்யாதீர்கள். புள்ளியை எடுக்கப்போய் வைரஸ் வாங்கிவந்த கதையாகிவிடும்!

என் கட்சி

கேம் தயாரிப்பவர்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். புள்ளி தூவுங்கள், தப்பில்லை. ஆனால் அதைக் கூட்ட, குறைக்க, அணைக்க எல்லா கேமிலும் ஒரு ஸ்லைடர் கொடுங்கள். அதன் பக்கத்தில், இது அலங்காரத்துக்காகச் சேர்த்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். 2008-லேயே ஒரு கேமில் முடிந்தது இன்றைக்கு எல்லா கேமிலும் முடியாதா என்ன?

வாசகர்களே, உங்களுக்கு என் யோசனை: இரண்டு விதமாகவும் அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். எது உங்கள் கண்ணுக்குப் பிடிக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். இதில் சரி, தவறு கிடையாது. ஆனால் கடைக்குப் போகும் முன், செட்டிங்ஸ் பக்கத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது!