மைலேஜ் குறைந்தால் விலையும் குறையட்டும்

தொண்டூரிலிருந்து செஞ்சிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிப்போகும் பழைய மொபெட்காரருக்கு மைலேஜ்தான் லாபம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 2030 இலக்கை முந்தி 2025-லேயே நாடெங்கும் வந்துவிட்டது. இறக்குமதி குறைவதும் கரும்பு விவசாயிக்கு வருமானம் வருவதும் நல்லதுதான். ஆனால் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்தது. அதை ஈடுகட்ட விலை குறைய வேண்டும், பழைய வண்டிகளுக்கு 10 சதவீதக் கலப்பும் கிடைக்க வேண்டும் என்றும் அது சொன்னது. இலக்கை எட்டிய அரசு, இந்த இரண்டையும் உடனே செய்ய வேண்டும். நாட்டுக்கு வரும் லாபத்தின் செலவை மொபெட்காரர் தலையில் கட்டுவது நியாயமல்ல.