மோட்டாரும் மரக்கலமும்

இலங்கையில் ஹாட்டனை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றிலே எம் உறவினர் இல்லத் திருமணத்திற்குச் செல்லக் கருதி, சென்ற கோடை விடுமுறையில் எந்தையாரும் யானும் இலஞ்சியிலிருந்து ஒரு பயணத் திட்டம் வகுத்தோம். என் பூட்டனாரின் தமையனார் மண்டபம் வழியாக அத்தோட்டத்திற்குச் சென்றவர். அவர் வழியினர் இன்றும் ஆண்டே உளர். எங்கள் மோட்டார் வண்டியிலேயே போதல் வேண்டும் என்பது எந்தையாரின் விருப்பம். ஆச்சிக்கு முழங்கால் வலி, வானூர்தியென்றாலோ அச்சம். வண்டியெனின் காலை நீட்டிக்கொண்டு வருவார். கருப்பட்டிச் சிப்பமும் பட்டுச் சேலைகளும் பின்னே கிடக்கும்.

தேசப்படத்தை விரித்தபோது வழி மிக எளிதாகவே தோன்றிற்று. தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி. பின்னர்க் கிழக்குக் கடற்கரைச் சாலையிலே சாயல்குடி, இராமநாதபுரம், தொண்டி, முத்துப்பேட்டை என நாகப்பட்டினம் சேரலாம். ஆண்டுக் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினால், யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே வேலணைக்கும், அப்பாற் புங்குடுதீவிற்கும் வண்டியிலேயே போகலாம். குறிகாட்டுவான் துறையிற் படகேறினால் நயினாதீவும், மட்டக்குதிரைகள் மேயும் நெடுந்தீவும் காணலாம். பின் தெற்கே ஆனையிறவு, வவுனியா, கண்டி கடந்து ஹாட்டன். இரு நாட்டிலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கமே ஓடுவன. ஆதலின் ஓட்டுவோர்க்குத் தடுமாற்றமும் இல்லை.

இத்துணையும் எழுதி முடித்த பின்னரே, நாகப்பட்டினத்துக் கப்பல் ஆட்களையும் அவர்தம் கைப்பெட்டிகளையுமன்றி மோட்டார் வண்டியை ஏற்றாது என்பதை அறிந்தோம். 2023 அக்டோபர் 14-ஆம் நாள் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டு 16 முதல் மீண்டும் ஓடத் தொடங்கிய அச்சேவையை யான் குறைகூற வரவில்லை. ஏறக்குறைய 110 கிலோமீட்டர்க் கடலை நான்கு மணி நேரத்திற் கடப்பது நன்றே. ஆயினும் நூற்றைம்பது பேர் அமரும் சிறுகலமே போதுமென்று நாம் அமைதி கொள்ளலாகுமா என்பதே என் வினா.

மத்தியதரைக் கடற்புறத்தைப் பாருங்கள். கார்சிகாவின் பொனிபாசியோவிலிருந்து சார்டினியாவிற்கு ஒருவன் தன் வண்டியோடு ஒரு மணி நேரத்திற் சென்றுவிடுகின்றான். மெசினா நீரிணையிலே புகைவண்டியையே கப்பலில் ஏற்றிச் சிசிலியில் இறக்குகின்றனர். கிரேக்க நாட்டிலோ, வருவாய் குன்றிய சிறு தீவுகளின் தடங்களுக்கு அரசே பொருளுதவி புரிந்து கலங்களை ஓட்டுவிக்கின்றது. கலம் வராவிடின் தீவில் வாழ்வே இல்லை என்பதை அவர் உணர்ந்துள்ளனர்.

நமக்கோ இது புதியதொரு கனவன்று. 1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது முதல், சென்னை எழும்பூரிற் சீட்டு வாங்கிய ஒருவன் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் 22 மைல் கடந்து, தலைமன்னாரில் ரயிலேறிக் கொழும்பு சேர்ந்தான். சீட்டு ஒன்றே! 1964 டிசம்பர் 22, 23-ஆம் நாட்களின் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஒரு புகைவண்டியும் அதிலிருந்தார் அனைவரோடும் கடல்வாய்ப்பட்டது. அதன் பின்னும் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடிற்று. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத்தார் பலர் வந்ததும் அதிலேதான். 1980-களின் முற்பகுதியில் மூண்ட கலவரமும் போருமே அதனை நிறுத்தின. போர் 2009-இல் முடிந்தது. தலைமன்னார் இருப்புப்பாதை 2015-இல் மீண்டது. 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. இரு கரையிலும் தண்டவாளம் கிடக்க, இடையிலே கலம் ஒன்றே இல்லை.

“2011-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்பிற்கு விட்ட கப்பல் ஆளில்லாமல் ஆறு மாதத்தில் நிற்கவில்லையா?” என்று எம் விடுதி நண்பரொருவர் மறுத்தார். உண்மையே. எனினும் ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றும் பெருங்கப்பலை இரவெல்லாம் ஓட்டிய அத்தடம் வேறு. ஒரு காலைப்பொழுதிற் சென்று சேரும் குறுந்தடம் வேறு. பெரும்பானையில் ஒருபிடி அரிசியிட்டுப் பானையைப் பழித்தல் தகுமோ?

வேறு சிலர் சேதுவின்மேற் பாலமே கட்டலாம் என்பர். யான் உடன்படேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அப்பவளப் பாறைகளும், பாக்குக் கடலின் ஆவுளியாக்களும் தூண் நடுவதைத் தாங்கா. ஆழங்குறைந்த அக்கடலுக்கேற்ற தட்டையடிக் கலம் ஒன்று, நாளுக்கொரு முறை, இருபது வண்டிகளை ஏற்றிச் சென்றால் தொடக்கத்திற்குப் போதும். மீனவர் வலை விரிக்கும் பொழுதையும் இடத்தையும் அவரைக் கேட்டே தடம் வகுத்தல் வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றிலோ கலத்தைத் துறையிற் கட்டுவதே அறிவு. கிரேத்தா தீவில் மழைக்காலத்தைக் கழிக்குமாறு பவுலடிகள் கூறிய சொல்லைக் கேளாத மாலுமிகள் மெலித்தா தீவிலே கப்பலை உடைத்துக்கொண்ட கதை நம் கோயில்களிற் சிறுபிள்ளையும் அறிந்ததன்றோ.

தமிழ் பயில்வார்க்கு இவ்வழி மற்றொரு வகையாலும் உரியது. 1834-இல் மதுரையில் அமெரிக்க மிஷன் தொடங்கியது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பாதிரிமாராலேயே. பர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் சென்னை வந்தே அச்சியந்திரம் வாங்கிச் சென்றார். வட்டுக்கோட்டைச் செமினாரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை இக்கரைக்கு வந்திராவிடின், கலித்தொகையை நாம் அச்சில் 1887-இலேயே கண்டிருப்போமா?

திருமணத்திற்கு எந்தையார் மட்டும் மதுரையிலிருந்து வானூர்தியிற் சென்று வந்தார். பட்டுச் சேலை ஒன்று அவர் பெட்டியில் அடங்கிற்று. ஆச்சி கட்டிவைத்த கருப்பட்டிச் சிப்பம் இலஞ்சியில் எங்கள் வீட்டுப் பரண்மேலேயே இருக்கின்றது. அதனை எவரும் பிரிக்கக் கூடாதென்பது அவர் கட்டளை.