முன்னாடி எழுதுங்க பாஸ்!

பந்தலூர்ல கூடலூர் பஸ்ஸுக்கு வெயிட் பண்ற நேரத்துல ஒரு டீ, கூடவே ஒரு சிப்ஸ் பாக்கெட்... வழக்கம்தானே? டீ ஆறுறதுக்குள்ள அந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. உப்பு, கொழுப்பு, சர்க்கரைக் கணக்கெல்லாம் பின்னாடி எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்துல இருக்கும். முன்னாடி? தக்காளி சிரிக்கும்! (டீத்தூளுக்கு இந்த வம்பே இல்லை. வேற எதுவும் கலக்காத தேயிலைக்கு சத்து விவரம் போட வேண்டியதில்லைன்னு விதி இருக்கு.)

அந்தக் கணக்கை முன்பக்கத்துக்குக் கொண்டு வாங்கங்கிறதுதான் இப்போ சண்டை. ‘எழுதிட்டா மட்டும் வாங்காம இருப்போமா?’ன்னுதானே கேட்கிறீங்க? நியாயம்தான். ஆனா, லேபிளைப் பார்த்து முதல்ல பயப்படுறது நாம இல்லை, தயாரிக்கிறவங்க!

சிலி நாட்டுல 2016 ஜூன்ல சட்டம் வந்துச்சு. எல்லை தாண்டினா பாக்கெட் முகத்துல கறுப்பு எண்கோண முத்திரை... ‘சர்க்கரை அதிகம்’னு! பிஸ்கட் மாதிரி அயிட்டங்களுக்கு 100 கிராம்ல 22.5 கிராம் சர்க்கரைன்னு ஆரம்பிச்ச எல்லையை, 2019-ல 10 கிராமாக்கிட்டாங்க. முத்திரைக்குப் பயந்தே பல கம்பெனிகள் ரெசிபியை மாத்தினாங்க. சிலர் சர்க்கரையைக் குறைச்சுட்டு செயற்கை இனிப்பைச் சேர்த்தது தனிக் கூத்து.

நம்ம நாட்டுல சட்டம் வராமலே ஒரு சாம்பிள் நடந்துச்சு. 2023 ஏப்ரல்ல போர்ன்விட்டாவுல எவ்வளவு சர்க்கரைன்னு ஓர் இளைஞர் வீடியோ போட்டார். கம்பெனி நோட்டீஸ் அனுப்ப, வீடியோவை எடுத்துட்டார். ஆனா, அந்த வருஷக் கடைசியில சேர்க்கிற சர்க்கரை 100 கிராமுக்கு 37.4-லேர்ந்து 32.2 கிராமா இறங்கிடுச்சு!

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022 செப்டம்பர்ல வெளியிட்ட வரைவு, எச்சரிக்கைக்குப் பதிலா ஸ்டார் கொடுக்கச் சொன்னது. அரை ஸ்டார்லேர்ந்து 5 வரை. சர்க்கரையால போன மார்க்கை நார்ச்சத்து, புரதம், பருப்பு வகைகளைச் சேர்த்து ஈடுகட்டலாம். செமஸ்டர்ல சொதப்பினதை இன்டர்னல் மார்க் வச்சுத் தூக்குற அதே டெக்னிக்! பாதாம் தூவியே ஸ்டார் ஏத்தலாம்னா, எவன் சர்க்கரையில கை வைப்பான்? 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் நிபுணர் குழுகிட்ட 3 மாசத்துல பரிந்துரை கேட்டது. அதுக்கும் வாய்தா வாங்கினாங்க.

ஊட்டி வர்க்கி போடுற சின்ன பேக்கரிக்காரர் கவலை வேற. மைதா, கொழுப்பு, சர்க்கரை இல்லாம வர்க்கி ஏது? லேப் டெஸ்ட்டுக்குக் காசு, கவர்ல டிசைன் மாத்த புது சிலிண்டர், அடிச்சு வச்ச பழைய கவரெல்லாம் குப்பை. அவருக்கு ரெண்டு வருஷம் கூடுதலா டைம் கொடுங்க, தப்பே இல்லை. ஆனா சொந்தமா லேப் வச்சிருக்கிற சிப்ஸ் கம்பெனிக்கு எதுக்கு அவகாசம்?