பனியின் ஆழம் கேட்ட நோயாளி

ஜப்பானியக் கவிஞர் மசஓகா ஷிகி, முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். 1902இல் மறைந்தபோது அவருக்கு வயது 34. காசநோயை எதிர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டதே 1943இல்தான்.

1896ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டோக்கியோவில் பனி பொழிந்தது. எழுந்து பார்க்க இயலாத ஷிகி, எவ்வளவு ஆழம் படிந்திருக்கிறது என்று மீண்டும் மீண்டும் விசாரித்தார். அந்த விசாரிப்பையே ஒரு சிறு கவிதையாக்கினார்.

நம் வார்டுகளிலும் இது நிகழ்கிறது. “மழை விட்டுவிட்டதா?” என்று பத்தாவது முறை கேட்கும்போது உடனிருப்பவர் சலித்துக்கொள்வது இயல்பே. ஆயினும் அதைத் தொந்தரவென்று நான் கருதுவதில்லை. வெளியுலகைக் கைவிட மறுக்கும் மனத்தின் குரல் அது. (திடீர்க் குழப்பத்தோடு, நாளும் இடமும் மறந்து கேட்டால் மட்டும் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள்; அதற்குக் காரணம் வேறாக இருக்கலாம்.)

ஷிகியைக் கவனித்தவர்கள் தாயும் தங்கை ரிட்சுவும். தங்கைக்குப் பரிவில்லை என்று 1901இல் தம் குறிப்பேட்டில் கடுமையாக எழுதினார். அவளின்றித் தமக்கு ஒரு நாளும் நகராது என்பதையும் அதிலேயே ஒப்புக்கொண்டார். வலியில் சுடுசொல் கேட்கும் குடும்பத்தார் இதை நினைவில் கொள்ளலாம்.

1899இல் அவருடைய சீடர் தகஹாமா கியோஷி, அறையின் காகிதக் கதவில் கண்ணாடி பொருத்த ஏற்பாடு செய்தார். அதன்பின் படுத்தபடியே தோட்டம் தெரிந்தது. உங்கள் நோயாளியின் கட்டிலையும் சன்னல் பக்கம் திருப்ப இயலுமா என்று செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள்.