பொம்மை பிடிக்கும் என்றால் சிரிப்பா?

ஜப்பான் பைக் என்றால் வாயைப் பிளக்கிறோம். ஜப்பான்காரர்கள் சொல்லிக்கொடுத்த 'ஃபைவ் எஸ்', 'கைசென்' என்றால் நம் வீட்டு ஆண்கள் சாப்பிடும்போதுகூட அதையே பேசுகிறார்கள். ஆனால் அதே ஜப்பானின் கொழுகொழு பூனை பொம்மை எனக்குப் பிடிக்கும் என்று ஒரு பெண் சொன்னால் மட்டும், "ஏழு கழுதை வயசாகுது, இன்னும் பொம்மையா?" என்று சிரிக்கிறார்களே, இது என்ன நியாயம் தோழிகளே?

எங்கள் ஊர் மணிமங்கலம். ஒரு பக்கம் ஏரியும் வயலும். கொஞ்ச தூரம் போனால் ஒரகடம், வல்லம் வடகால். அங்கே யமஹா, கோமாட்சு என்று ஜப்பான் கம்பெனிகள் இருப்பதால், ஜப்பான் என்ற பெயர் எங்களுக்குப் புதிதல்ல. மதியம் வீட்டு வேலை ஓய்ந்ததும் நான் குரோஷா ஊசியை எடுத்துக்கொண்டு பொம்மை பின்ன உட்கார்ந்துவிடுவேன். ஒரு காலத்தில் ஒயர் கூடையும், டி.வி. மேல் போடும் லேஸ் விரிப்பும் பின்னிய அதே கைதான். பிள்ளைகளோடு உட்கார்ந்து டோரேமானும் ஷின்சானும் தமிழில் பார்த்துப் பார்த்து, ஜப்பான் பொம்மைகள் மேல் எனக்கு ஓர் ஆசை ஒட்டிக்கொண்டது.

இந்தப் பின்னல் பொம்மைக்கு அவர்கள் வைத்த பெயர் 'அமிகுருமி'. 'அமி' என்றால் பின்னல்; 'நுய்குருமி' என்றால் பஞ்சு அடைத்த பொம்மை. முதல் சுற்றில் 6 கண்ணி, அடுத்ததில் 12, பிறகு 18, 24 என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். வேண்டிய அகலம் வந்ததும் ஏற்றாமல் சில சுற்று. பிறகு அதே கணக்கில் இறக்க வேண்டும். ஒரு கண்ணி தப்பினாலும் முகம் கோணிவிடும். பின்னல் தளர்ந்தால் உள்ளே அடைத்த பஞ்சு எட்டிப் பார்க்கும். கண்களை மேலே ஏற்றி வைத்தால் பெரியவர் முகம். கொஞ்சம் கீழே இறக்கி, விலக்கி வைத்தால் குழந்தை முகம். பார்த்ததும் "அச்சோ, செல்லம்!" என்று சொல்ல வைக்கிற அந்த அழகைத்தான் ஜப்பானில் 'கவாயி' என்கிறார்கள்.

அங்கே இது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் மட்டும் இல்லை. 1974-ல் யூகோ ஷிமிசு என்ற பெண் வரைந்த 'ஹலோ கிட்டி' ஐம்பது வருடம் தாண்டியும் உலகம் முழுக்க விற்கிறது. குமமோட்டோ மாகாண அரசாங்கம் 2010-ல் 'குமமோன்' என்ற சிவப்புக் கன்னக் கரடியை உருவாக்கி, தங்கள் ஊரின் பெருமையைப் பரப்ப வைத்துக்கொண்டது. டோக்கியோ போலீசுக்கே 1987-லிருந்து 'பீப்போ' என்று ஒரு குட்டி பொம்மை உண்டு. போலீஸ்காரர்களுக்கே இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

"அது அவங்க ஊர் பழக்கம்மா, நமக்கு எதுக்கு?" என்பார் எதிர் வீட்டு அக்கா. நாம் கொலு வைப்பதில்லையா அக்கா? ஜப்பானில் மார்ச் 3-ம் தேதி பெண் குழந்தைகள் நலமாக இருக்க 'ஹினா மட்சுரி' கொண்டாடுகிறார்கள். படி கட்டி, சிவப்புத் துணி விரித்து, மேலே ராஜா ராணி, கீழே தோழியர், வாத்தியக்காரர்கள் என்று பொம்மைகளை அடுக்குகிறார்கள். பார்த்தால் நம் கொலுவேதான்! அவர்களுடைய 'தருமா' பொம்மை யார் தெரியுமா? காஞ்சியிலிருந்து போனவர் என்று நாம் சொல்லும் போதிதர்மர்தான். கை கால் இல்லாமல் சிவப்பாக உருண்டு இருக்கும். தள்ளிவிட்டால் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தானே எழுந்து நிற்கும். ஒரு காரியம் நினைத்து ஒரு கண்ணை வரைவார்கள். அது நிறைவேறியதும் மறு கண். காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரி நான், இதை அந்நியம் என்று எப்படி ஒதுக்குவேன்? தெய்வத்தையே குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் அல்லவா நாம்?

சிரித்தால்கூடப் போகட்டும். அந்தச் சிரிப்பு விலையில் வந்து நிற்கிறதே, அதுதான் வலிக்கிறது. உள்ளங்கை அளவு முயல் ஒன்று பின்ன எனக்கு 5 மணி நேரம் பிடிக்கும். நூலும் பஞ்சும் 80 ரூபாய். 350 ரூபாய் சொன்னால், "வீட்ல சும்மா உக்காந்து பின்னினதுதானே, 150 வச்சுக்கோ" என்கிறார்கள். 80 போனால் மிச்சம் 70. மணிக்கு 14 ரூபாய்! கம்பெனி கேட்டுக்குள் போய்ச் செய்தால் வேலை, வீட்டுத் திண்ணையில் செய்தால் பொழுதுபோக்கா? இப்படிப் பேரம் பேசுவதும் பெரும்பாலும் பெண்கள்தான் என்பது இன்னும் வருத்தம்.

நாம் செய்வது லேசான வேலை இல்லை. 2016 ஜனவரியில் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் சேர்ந்து பின்னிய 11,148.5 சதுர மீட்டர் போர்வை, உலகிலேயே பெரியது என்று கின்னஸ் சாதனை படைத்தது. சட்டமும் நம்மை மதிக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. விற்க நினைக்கும் தோழிகள் முதலில் அங்கே பதிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். டோரேமான், கிட்டியை வீட்டுப் பிள்ளைக்குப் பின்னிக் கொடுங்கள். ஆனால் அந்த உருவங்கள் கம்பெனிகளுக்குச் சொந்தம், அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. விற்பதற்கு நம் இட்லிக்கும் கொழுக்கட்டைக்கும் ஆட்டோவுக்கும் இரண்டு கண் வையுங்களேன், அதுவும் 'கவாயி'தான்! கைக்குழந்தைக்கு என்றால் மணியோ பட்டனோ வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். கண்ணை நூலாலேயே தைத்துவிடுங்கள்.

பொம்மை வாங்கும் சகோதரிகளே, அடுத்த முறை விலை கேட்கும்போது, "எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். பின்னும் சகோதரிகளே, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். விலையை மட்டும் குறைக்காதீர்கள்!

- ஒரு வாசகி, மணிமங்கலம்.