‘பங்காளர்’ என்னும் பொய்ப் பெயர்

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் சதுரப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில், பிறருடைய இராப்போசனத்தைச் சுமந்து திரியும் இளைஞரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஊபர் ஈட்ஸ், பிக்மீ முதலிய செயலிகளின் மொழியிலே அவர் தொழிலாளி அல்லர், ‘பங்காளர்’. இலாபத்திலே பங்கில்லாத இந்தப் பங்காளருக்கு நட்டத்திலே மட்டும் முழுப் பங்கு உண்டு என்பதை அவர் வீதியில் விழுந்து எலும்பு முறியும் நாளிலேதான் நாம் தெளிவாக உணர்கின்றோம்.

இது புதுமையான சங்கதி என்று எண்ணுவோர் வரலாற்றைப் புரட்டுதல் நன்று. 1835 மே மாதத்தில் இங்கிலாந்தின் பீற்றர்பரோ நகரில் ஓர் இறைச்சிக் கடைக்காரனின் வேலையாள், அளவுக்கு மீறி இறைச்சி ஏற்றப்பட்ட வண்டி உடைந்து வீழ்ந்ததில் தொடையெலும்பு முறிந்தான். யூரர்கள் அவனுக்கு நூறு பவுண் நட்டஈடு வழங்கினர். 1837இல் பிரீஸ்ற்லி எதிர் பௌலர் என்ற அவ்வழக்கில் அபிஞ்சர் பிரபு அதனைத் தள்ளிவிட்டார். அவர் கூறிய நியாயம் யாது? வேலையாள் தன் ஆபத்தைத் தானே நன்கறிவான். விருப்பமில்லையேல் ஏற மறுத்திருக்கலாம். உலகத் தொழிற் சட்டத்தின் இந்தப் பேர்பெற்ற அநீதி ஓர் உணவு விநியோக விபத்திலிருந்தே பிறந்தது. பசித்தவனுக்கு ‘மறுக்கும் சுதந்திரம்’ உண்டென்ற அதே வாதத்தை இன்றைய கம்பனிகள், “விரும்பிய நேரத்தில் வேலை, விரும்பாத நேரத்தில் ஓய்வு” என்று அழகாக எழுதி நீட்டுகின்றன. வாதம் கிழடு, சட்டைதான் புதிது.

அபிஞ்சரின் கோட்பாட்டை முறியடிக்கத் தொழிலாளர் இயக்கம் அறுபது ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1897இல் இங்கிலாந்திலும் 1934இல் நமது நாட்டிலும் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டங்கள் பிறந்தன. இவற்றின் உயிர்நாடி ஒன்றே: வேலையினால், வேலையின்போது விபத்து நேர்ந்தால், முதலாளியின் பிழையைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தம் இன்னும் ஒருபடி சென்று, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் உள்ளடக்கியது. ஆகவே, ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் வழியில் அடிபடும் பெண்ணுக்குச் சட்டம் துணைநிற்கின்றது. வீதியையே தொழிற்சாலையாகக் கொண்டவர், தாம் முதலில் ‘வேலையாள்’தாம் என்று நிரூபித்தாக வேண்டும்! ஒப்பந்தத்தில் அவரைச் சுயாதீன ஒப்பந்தக்காரர் என்று எழுதிவைத்த பேனாவின் வேலை இதுவே.

அந்த வாயில் அடைபட்டால் எஞ்சியிருப்பவை எவை? மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் 1951 முதல் வாகனம் ஒவ்வொன்றுக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. பெயரே சொல்வதுபோல அது மற்றவர்களுக்கானது. ஓட்டுபவரின் சொந்தக் காலுக்கு அதில் இடமில்லை. வேறொரு வாகனம் மோதியிருந்தால் அதன் சாரதியின் கவனயீனத்தை நிரூபித்து நட்டஈடு கோரலாம். மழையில் வழுக்கி விழுந்தவர் யாரிடம் கோருவார்? சொந்தப் பாவனைக்கென எடுத்த காப்புறுதி கூலிக்குப் பொருள் ஏற்றுவதை விலக்கிவைப்பதும் காப்புறுதி உலகின் வழமை. இனி, உரோம டச்சுச் சட்டத்தின்கீழ் சிவில் வழக்கென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ஊன்றுகோலுடன் சட்டத்தரணியைத் தேடி அலைவதிலேயே அதிற் பாதி கழிந்துவிடும்.

நீதிமன்று சென்றாலும், “நீர் வேகமாக ஓட்டினீர், உமக்கும் பிழையிற் பங்குண்டு” என்று நட்டஈடு குறைக்கப்படலாம். 1968ஆம் ஆண்டின் சட்டம் பிழையைப் பங்கிட இடமளிக்கின்றது. சட்டம் தன்னளவில் நியாயமானதே. ஆனால், அந்த வேகம் யாருடையது? பொதிக்கு இவ்வளவு என்று கூலி வைத்தவர் யார்? எத்தனை நிமிடத்தில் சேரும் என்று வாடிக்கையாளருக்கு வாக்களித்தவர் யார்? தாமதத்தின் தண்டனையாகக் குறைந்த நட்சத்திரங்களை அளிக்கும் கை யாருடையது? (இக்கேள்விக்கு விடை தேடுகையில் நம்மிற் சிலர் தம் கைத்தொலைபேசியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.) பிழையைப் பங்கிடும்போது மாத்திரம் கம்பனி ‘பங்காளர்’ ஆவதில்லை.

அடிபட்ட பாதசாரியின் கதியும் இதுவே. வேலையாளின் பிழைக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய நெறி. சுயாதீன ஒப்பந்தக்காரரின் பிழைக்கு அந்நெறி பொதுவாகப் பொருந்தாது. எனவே, “இந்தப் பையன்களுக்கு வீதி ஒழுங்கே தெரியாது” என்று அங்கலாய்க்கும் நடுத்தர வர்க்கப் பெருமக்களும் இப்பெயர் மாற்றத்தினால் ஏமாற்றப்பட்டவர்களே. அவர்களும் அவ்விளைஞரும் ஒரே வாயிலின் வெளியே நிற்கின்றனர்.

சில கம்பனிகள் தாமாகவே விபத்துக் காப்புறுதி அளிக்கின்றனவே என்பர். அளிக்கட்டும். ஆனால், தொகையையும் நிபந்தனையையும் ஒருவரே வகுத்து, ஒருவரே மாற்றவும் நிறுத்தவும் கூடுமாயின் அது தயவு, உரிமையன்று.

பிற நாடுகளில் இப்பெயர் விளையாட்டு அம்பலமாகி வருகின்றது. 2021 பெப்ரவரியில் பிரித்தானிய உயர் நீதிமன்று, ஊபர் சாரதிகள் குறைந்தபட்சக் கூலி முதலியவற்றுக்கு உரித்துடைய தொழிலாளர் என்றே தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஸ்பெயின், உணவு விநியோகிப்போர் ஊழியரே எனும் அனுமானத்தைச் சட்டமாக்கியது. அன்று என நிரூபிக்கும் சுமை கம்பனியின் தலையில் வீழ்ந்தது. ஆயினும், 2023 நவம்பரில் அதே பிரித்தானிய மன்று டெலிவரூ ஓட்டுநரின் தொழிற்சங்க வழக்கில் மறுபக்கம் சாய்ந்தது. தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம் என்ற ஒப்பந்த வாசகமே அங்கு தீர்க்கமானதாயிற்று. ஒரு வாசகத்தைச் சேர்த்து ஒரு வர்க்கத்தின் உரிமையை அழிக்க முடியுமெனில், நீதிமன்றை மாத்திரம் நம்பியிருத்தல் பேதைமை.

நம் நாட்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் 1950இலேயே, தாமே நேரில் உழைப்பைச் செலுத்த ஒப்பந்தம் செய்தவரையும் ‘வேலையாள்’ என்னும் வரைவிலக்கணத்துள் அடக்கியது. அவ்விரிவை நட்டஈட்டுச் சட்டத்திற்கும் ஐயத்திற்கிடமின்றி நீட்டி, செயலி வழி உழைப்போரைப் பெயர் சுட்டிச் சேர்த்து, நிரூபிக்கும் சுமையைக் கம்பனியிடம் மாற்றுமாறு தொழிற்சங்கங்கள் கோர வேண்டும். அதுவரை அவ்வுழைப்பாளரிடையே செய்யவேண்டிய வேலையும் ஒன்றுண்டு. விபத்து நேர்ந்த கணத்தில் அவர் எந்தப் பொதியுடன், எங்கிருந்து எங்கு சென்றார் என்ற பதிவு கம்பனியின் கணினியிலே கிடக்கின்றது. அவருடைய கணக்கு மூடப்பட்டால் அதனைக் காணும் வழியும் மூடப்படும். அவர்களுட் பலர் நேற்று நம் வகுப்பறைகளில் இருந்தவர்கள். திரையைப் படம்பிடித்து வைக்கவும், பொலிஸ் முறைப்பாட்டில் “வேலையின்போது” என்ற சொல்லை எழுதுவிக்கவும், வைத்தியசாலைத் துண்டுகளைப் பேணவும், இரண்டாண்டுக் கெடுவை மறவாதிருக்கவும் அவர்களுக்கு இன்றே சொல்லிக்கொடுப்போம்.